சந்துப் பக்கம் ஒரு வாசல்

கீழக்கரையில் புகுந்த வீட்டுக்குப் போகிறவர் மாப்பிள்ளை. நிக்காஹ் முடிந்ததும் பெட்டியோடு பெண் வீட்டில் வந்து இறங்கிவிடுவார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் தொட்டில் கட்டுகிற அன்றே செங்கல்லுக்கும் மணலுக்கும் கவலைப்பட ஆரம்பிப்பார்கள். பாக்கருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நஸீராவுக்குத் தாய் வழியில் வந்த பழைய வீடு, இளையவள் யும்னாவுக்கு ஊருக்கு வெளியே வாங்கிய மனையில் புது வீடு. இப்படித் திட்டம் போட்டுவிட்டுத்தான், யும்னா பிறந்த நாற்பதாம் நாள் அவர் சார்ஜாவுக்கு விமானம் ஏறினார். இருபது வருடத்தில் அந்தப் புது வீடு முழங்கால் உயரம் எழும்பியது. அதற்குள் முளைத்த கருவேலமரம் மட்டும் மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

யும்னா சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அவளுக்கு மொத்தம் எத்தனை கை என்று தெருவில் ஒரு சந்தேகம் உண்டு. விடிந்ததும் குடிதண்ணீர் வண்டிக்குப் பதினோரு குடம் வரிசையில் வைப்பாள். உம்மா மெஹருன்னிசாவின் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள். "ஒன்றுக்கு ஒன்றரை, ஒன்றரைக்கு மூன்று" என்று கான்கிரீட் கலவைக் கணக்கை ஓதிக்கொண்டே நகரை மீன் ஆய்வாள். அவள் கையில் சிக்கிய மீன்கள் சிமெண்டும் மணலும் மனப்பாடமாகித்தான் செத்தன. கல்யாணம் பேசி முடித்த பெண் மேல் வெயில் படக்கூடாது என்பதால் நஸீரா எந்த வேலையிலும் கை வைப்பதில்லை. வெயிலே எட்டாத அடுப்பங்கரையிலும் அதே சட்டம்தான்.

தை மாதம் பாக்கர் சார்ஜாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. படுத்தபடியே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"கம்பெனி ஊருக்குப் போகச் சொல்லிருச்சு. ஆஸ்பத்திரில விட்டதும் வாரேன். இனிமே திரும்பிப் போறதுக்கில்ல புள்ள. எனக்கும் ஒங்க உம்மாவுக்கும் ஒரு மூலை போதும்."

அந்த மூலை எங்கே என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை அகமது கபீரின் தாயார் உம்மு ஹபீபா, பழைய வீடு முழுவதையும் நஸீரா பேருக்கு எழுதக் கேட்டிருந்தார். எழுதிவிட்டால் மற்ற மூவரும் கருவேலமரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

அந்த வாரம் பார்த்துக் கல்லூரியில் ஒரு அசைன்மெண்ட் கொடுத்தார்கள். சொந்த வீட்டை அளந்து, இரண்டு குடும்பம் தனித்தனியே வாழும்படி மாற்றி வரைய வேண்டும். யும்னா டேப்பை எடுத்தாள். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டதுதான் அந்த வருடம் நஸீரா செய்த ஒரே வேலை. பதினெட்டடி அகலம், எழுபத்தோரடி நீளம், ரயில் பெட்டி மாதிரி வீடு. மேற்கே தெருவாசல், கூடம், இரண்டு அறை. கிழக்கே கிணறு, அடுப்பங்கரை, ஒரு அறை, பெண்கள் புழங்குகிற சந்தில் திறக்கும் பின்வாசல். கடைக்கோ பக்கத்து வீட்டுக்கோ மையத்து விழுந்த துக்க வீட்டுக்கோ உம்மாவும் பெண்கள் இருவரும் எப்போதும் அந்தச் சந்து வழியாகவே போய் வந்தார்கள்.

யும்னா நடுவில் ஒரு கோடு போட்டாள். முன்பாதி லாத்தா நஸீராவுக்கு, பின்பாதி வாப்பாவுக்கு. அடுப்பங்கரைத் தரையில் விரித்து வரைந்த தாளில் இரண்டு மீன் செதில் ஒட்டிக்கொண்டு போயின. விரிவுரையாளர் தர்மபுரிக்காரர். செதிலைச் சுரண்டிவிட்டு, 'அருமை. இரு வீட்டுக்கும் தனி வாசல்' என்று பச்சை மையில் எழுதினார்.

உம்மு ஹபீபா வந்தபோது யும்னா அந்தத் தாளைப் பாயில் விரித்தாள்.

"இங்கன இருந்து தெருப்பக்கம் பூராவும் லாத்தாவுக்கு மாமி. கிணத்துப் பக்கம் எங்களுக்கு."

உம்மு ஹபீபாவின் விரல் கூடத்தில் நடந்து, சுவரைத் தாண்டி, கிணற்றைச் சுற்றி, சந்துவாசலில் போய் நின்றது. அங்கே சற்று அதிகமாகவே நின்றது. பிறகு யும்னாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மாஷா அல்லாஹ், படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். எனக்குச் சம்மதம். ஆனா நடுச்செவுத்துல கதவு வைக்கக் கூடாது. அங்கிட்டும் இங்கிட்டும் நடமாட்டம் இருந்தா, எது ஒங்க வீடு, எது என் மவன் வீடு?"

"என் மவன் வீடு" என்றது மெஹருன்னிசாவுக்குச் சுருக்கென்றது. யும்னாவின் காதில் 'சம்மதம்' ஒன்றுதான் விழுந்தது.

"கதவு வேணாம் மாமி."

பத்திரம் பதிவானது. அதன் கடைசிப் பக்கமாக, பச்சை மை வராமல் நகலெடுத்த அவளுடைய வரைபடத்தையே இணைத்தார்கள்.

கொத்தனார் காஜா நவாஸ் நான்கு நாளில் சுவரை எழுப்பினார். ஐந்தாம் நாள் கிணற்றுப் பக்கம் நின்று, தான் நுழைந்து வந்த கடைசி ஓட்டையை அடைத்து, பூசி, மட்டப்பலகையால் தேய்த்து, கைகால் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார். சந்துவாசலைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் இப்ப எந்தப் பக்கமாப் போறது?"

யும்னாவும் சந்துவாசலைப் பார்த்தாள். சந்தில் ஆண்பிள்ளை கால் வைப்பதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூடச் சந்துமுனையில் இறக்கிவிட்டு மணியடித்துவிட்டுப் போவார். கடைசியில் காஜா நவாஸ் கிணற்றங்கரையில் ஏணி போட்டு, மொட்டை மாடி ஏறி, தெருப்பக்கம் கயிற்றில் இறங்கினார். தான் கட்டிய சுவருக்குள் தானே மாட்டிக்கொண்ட கொத்தனார் என்று ஏர்வாடி வரைக்கும் சிரித்தார்கள்.

வீட்டுக்குள் யாரும் சிரிக்கவில்லை.

"ஏண்டி, இந்தச் சந்து வழியா ஒனக்கு எந்த மாப்பிள்ளடி வருவான்?" மெஹருன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள கெடக்கட்டும் உம்மா. வாப்பா எப்படி வருவாக?"

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, நாற்பது நாள் மட்டும் ஆண் வாசனை அடிக்கிற வீடு அது. அளந்தவளும் பெண், டேப் பிடித்தவளும் பெண், பார்த்துத் தலையாட்டிய உம்மாவும் பெண். தெருவாசல் எதற்கு இருக்கிறது என்பதே மூவருக்கும் மறந்துபோயிருந்தது. மறக்காதவர் உம்மு ஹபீபா ஒருவர்தான். யும்னா அவரிடமே ஓடினாள்.

"மாமி, ஒரே ஒரு கதவு. வாப்பா போக வர மட்டும்."

"பத்திரத்துல கதவு இல்லையேம்மா. நீதான வரஞ்சே?"

வீட்டுக்குத் திரும்பி அதைச் சொன்னபோது நஸீரா தலை குனிந்து கை மருதாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புது மாப்பிள்ளை இருமுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

பாக்கர் ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். பின்னேரம் இரண்டு மணிக்கு யும்னாவுக்கு மாடல் எக்ஸாம். வேன் சந்துமுனையில் நின்றது. இரும்பு வாக்கரைப் பிடித்து இறங்கியவர், தெருப்பக்கம் திரும்பினார்.

"அங்கன இல்ல வாப்பா," என்றாள் யும்னா. "இங்கிட்டு."

விஷயத்தை அவள் போனில் சொல்லியிருந்தாள். சொன்னபோது அவர் சிரித்திருந்தார். இப்போது சந்தைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

யும்னா முன்னால் நடந்தாள். "ஆம்பள வாராக! ஆம்பள வாராக!" அவள் குரலுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே விட்டு உள்ளே ஓடினாள். தரையைப் பார்த்தபடி, வாக்கர் டக்டக்கென்று இடிக்க, பாக்கர் பின்னால் வந்தார். நாற்பதடிச் சந்து. அவர் கடந்து முடிக்கிற நேரத்தில் ஒரு கப்பல் பாம்பன் பாலத்தையே தாண்டியிருக்கும்.

உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அடுப்பங்கரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"பூச்சு நல்லாருக்கு," என்றார்.

பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பழக்கத்தில் வாக்கரைப் பிடித்து எழுந்தவர், வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு நேரம். போக அஞ்சு, வர அஞ்சு. பத்துத் தடவை நீ கத்தணும்?"

பத்துத் தடவையும் யும்னா வீட்டில் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் வாக்கரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். உட்கார்ந்து தொழ நாற்காலி ஒன்றை இழுத்து மேற்கு நோக்கிப் போட்டார். மேற்கே சுவர்தான் இருந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஈரம் இன்னும் காயவில்லை.

"நேரமாச்சு புள்ள. நீ பரீட்சைக்குப் போய்ட்டு வா," என்றார். "நான் எங்கன போகப்போறேன்?"