ஒரு மூச்சுக்கு ஒரு வரி

வானொலியை உச்சத்தில் அலறவிட்டு, யாருடையதோ தடித்த மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வலது கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தபடி, இடது கையின் ஒற்றை விரலால் கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார் டீச்சர். தான் எழுதிய பாடத்தைத் தானே படித்துப் பார்க்கிறார். நான்காவது பக்கத்திலேயே தலையைப் பிடித்துக்கொள்கிறார்.

"ஐயோ, எந்த மகராசி எழுதினா இதை? ஒண்ணும் விளங்கலையே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை அழிக்கிறார்.

தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் வீட்டிலிருந்தே கைபேசியில் படிக்கப் பாடம் தயாரிப்பது அவருடைய வேலை. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், முன்பு படுக்கை விரிப்பு அடுக்கிவைத்திருந்த அறையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். சன்னல் கிடையாது. அடிபட்டவர்களுக்கு வெளிச்சம் கூசும், சத்தம் குழப்பும். இரண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் இரண்டும் நழுவிப்போகும். "அவங்க தலைக்குள்ள எப்பவும் சந்தைக்கூட்டம்க்கா. அதுக்கு நடுவுல நம்ம குரல் காதுல விழணும்ல?" என்பார். வானொலியும், கண்ணாடியும், தொடைக்கடியில் வைத்த கையும் அவர்கள் படும் பாட்டைத் தானும் பட்டுப் பார்க்கத்தான்.

என் வீட்டுக்காரரை வாரம் இரண்டு முறை அங்கே கூட்டிப்போய்ப் பழக்கம். போகும்போதெல்லாம் டீச்சர் எதையாவது தேடிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் பென்சில். அது அவர் கொண்டையிலேயே செருகியிருக்கும். நான் எடுத்துக் கொடுத்தால், "பார்த்தீங்களா, எனக்கு அடிபடாமலேயே இந்த லட்சணம்" என்று சிரிப்பார்.

எழுதிய வரியை உரக்கப் படிப்பார். நடுவில் மூச்சு வாங்கினால் அந்த வரி அவ்வளவுதான். "இதை ரெண்டா வெட்டணும்" என்று வெட்டிவிடுவார். ஒரு மூச்சுக்கு ஒரு வரி, ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வைக்க மாட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கே தடங்கலில்லாமல் வாசிக்க வருகிறது என்றால் பாருங்கள்.

ஒருநாள், கணினிப் பிரிவில் வேலை செய்யும் தம்பி ஆசையாக ஒரு படம் செய்துகொண்டு வந்தார். சரியான விடையைத் தொட்டால் ஒரு முயல் குதித்துக் கை தட்டும். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, இவங்க வீடு கட்டினவங்க, பஸ் ஓட்டினவங்க, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவெச்சவங்க. இவங்களுக்குப் போய் முயல் கை தட்டணுமா?" என்றார். அந்தத் தம்பி முயலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஏணியிலிருந்து விழுந்து பதினொரு நாள் கண் திறக்கவில்லை. ஆண்டவன் அவரைத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது உள்ளே இருந்த வரிசை மட்டும் கலைந்துவிட்டது. ஸ்பேனரைப் பிடித்தால் கை பழையபடி ஓடும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் தடுமாற்றம். ஆறாம் மாதம் வேலைக்குப் போன முதல் நாளே, மெயின் வால்வை மூடாமல் ஒரு வீட்டில் குழாயைக் கழற்றிவிட்டார். கூடம் முழுக்கத் தண்ணீர்.

அவர் வேலை பார்த்த கடையின் முதலாளி நல்ல மனிதர். "அண்ணே, உங்க கையில வேலை இருக்கு, வரிசை இல்ல. அடுத்த மாசம் நான் வீட்டுக்கு வர்றேன். யாரும் பக்கத்துல நிக்காம ஒரு குழாயை மாத்திக் காட்டுங்க. அரை நாள் வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை.

டீச்சர் அவருக்காகவே பதினான்கு பக்கத்தில் ஒரு பாடம் செய்தார். புதுக் குழாய் ஒன்றை வாங்கி, மேசையில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப்போட்டு எழுதினார். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். "டீச்சரம்மா, கசியாம இருக்கற டேப்பை மரையில சுத்திட்டுத்தான் குழாயை மாட்டணும். மாட்டிட்டுச் சுத்தினா அது கழுத்துல துண்டு போட்ட மாதிரில்ல இருக்கும்!" அவர் வேடிக்கையாகப் பேசிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் ஃபெயிலுண்ணா. நீங்கதான் வாத்தியார்" என்று அங்கேயே திருத்தினார்.

எனக்கு மட்டும் ஒரு கண்டிப்பு. வீட்டுக்காரர் பாடம் படிக்கும்போது நான் அந்த அறையில் இருக்கக் கூடாது. "நீங்க எடுத்துச் சொன்னா நீங்க பாஸ். அண்ணன் எப்போ பாஸ் ஆகறது?" என்றார். நாவை அடக்குவதைப் போலக் கடினமான விரதம் வேறில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது டீச்சருடைய கணினியில் தெரியும். என் வீட்டுக்காரர் மூன்றாம் பக்கத்தில் இருபது நிமிஷம் நின்றிருந்தார். மறுநாள் இருபத்தைந்து. அதன் பிறகு பாடத்தையே மூடிவிட்டார். மூன்றாம் நாளும் அதே கதை. கேட்டால், "சரியா வரல" என்பதோடு சரி. எனக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. முதலாளி சொன்ன நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

டீச்சர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். கதவிடுக்கு வழியாக இருவரும் எட்டிப் பார்த்தோம். மூன்றாம் பக்கத்தில் டீச்சரின் பதிவுசெய்த குரல் வந்தது. "வால்வை மூடிட்டீங்களாண்ணா?"

"மூடிட்டேன்மா" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூடியாச்சும்மா" என்றார் மறுபடியும். கீழே, தொட்டால் அடுத்த பக்கம் வரும் பச்சைக் கட்டம் விரலுக்காகக் காத்திருந்தது. அவர் டீச்சரின் பதிலுக்காகக் காத்திருந்தார்.

டீச்சர் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏண்ணா, பச்சையைத் தொடலாம்ல?"

"அதெப்படிம்மா? நீங்க ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. நீங்க சரின்னு சொல்றதுக்குள்ள மூஞ்சியில தட்டின மாதிரி அடுத்ததுக்குப் போனா மரியாதையா இருக்குமா?"

டீச்சருக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். "மறந்துட்டாருன்னு நெனச்சேன்க்கா. மனுஷன் மரியாதை குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்றார் என்னிடம். அன்றே பாடத்திலிருந்த கேள்விகளை எல்லாம் எடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் இப்படிப் பேசிப் பதிந்தார்: "அண்ணா, இது நான் முன்னாடியே பேசி வெச்ச குரல். நான் பக்கத்துல இல்ல. எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். வேலையை முடிச்சிட்டுப் பச்சையைத் தொடுங்க."

சொன்ன நாளில் முதலாளி வந்தார். டீச்சரும் வந்திருந்தார். மாற்ற வேண்டியது எங்கள் சமையலறைக் குழாய். என் வீட்டுக்காரர் கைபேசியும் பையுமாக உள்ளே போனார். நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மெயின் வால்வு வாசலுக்கு வெளியே இருக்கிறது. அதை மூட எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வரவில்லை. உள்ளே ஸ்பேனர் இரும்பில் படும் சத்தம் கேட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். 'வால்வு' என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. எழுந்தேவிட்டேன். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் சேலை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் கைபேசியுமாக வெளியே வந்தார். எங்கள் மூவரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டிப் போனார். வால்வு கிறீச்சிட்டு மூடும் ஓசை கேட்டது. என் உயிரில் பாதி அப்போதுதான் திரும்பிவந்தது. மீதிப் பாதி, புதுக் குழாயில் ஒழுகாமல் தண்ணீர் விழுந்தபோது வந்தது. "திங்கக்கிழமை வந்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முதலாளி கிளம்பினார்.

டீச்சரும் விடைபெற்று வாசலில் ஒரு செருப்பைப் போட்டுவிட்டார். மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் கைபேசியை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"டீச்சரம்மா, கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க் பாடம் இதுல எங்க இருக்கு? திங்கக்கிழமை அந்த வேலை வந்தா?"

டீச்சர் போட்ட செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அது எனக்கே தெரியாதேண்ணா" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் கழிவறைப் பக்கம் நடந்தார்.