சைடு மிரர் இரைச்சலும் அம்மாவின் காதும்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, "கார்ல கண்ணாடி பண்றா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கண்ணாடி செய்கிறவர்கள் வேறு. கார் வேகமெடுக்கும்போது சைடு மிரரில் மோதும் காற்று, பின்னால் சுழன்று ஜன்னலில் அடித்து இரைகிறதில்லையா, அந்த இரைச்சல் உள்ளே இருப்பவர் காதில் எவ்வளவு விழும் என்று கார் தயாராவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வதுதான் என் வேலை. தேனாம்பேட்டையில் ஆபீஸ். மிரரைச் சுற்றியுள்ள காற்றைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பெட்டிகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் அது எப்படிப் போகிறது என்று கணக்குப் போட வேண்டும். மிரரின் ஓரத்தை ஒரு நூல் வளைத்தாலும் மொத்தக் கணக்கும் முதலிலிருந்து ஆரம்பம்.

அம்மாவுக்குக் காது மந்தம். வீட்டில் காது மெஷின் வைத்துக்கொண்டு சமாளித்துவிடுவாள். காரில்தான் முடியாது. பேச்சு எது, காற்று எது என்று மெஷினுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்கி மண்டையைக் குடையும். அதனால் ஏறியதும் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடுவாள். நானும் அப்பாவும் பேசிச் சிரித்துக்கொண்டு போவோம். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பா கத்துவார்.

போன வருஷம் ஒருநாள் மகாபலிபுரம் கிளம்பும்போது, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ. நான் எதுக்கு மூட்டை மாதிரி கூட வரணும்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு எங்களோடு காரில் வரவே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

நான் கணக்குப் போட்ட மிரர் பொருத்திய கார் விற்பனைக்கு வந்ததும், அப்பாவை நச்சரித்து வாங்க வைத்தேன். "இந்தக் கார்ல மெஷினைக் கழட்ட வேண்டாம்மா. நான் கேரண்டி" என்றேன். அம்மா நம்பவில்லை. எனக்காக வந்தாள்.

அப்பா ஓட்டினார். அவர் பக்கத்தில் அம்மா, பின்னால் நான். மயிலாப்பூரிலிருந்து அடையாறு தாண்டி, ஊர்ந்து போகிறவரை ஒன்றும் தெரியவில்லை. ஈ.சி.ஆரில் வேகமெடுத்ததும் அம்மா பக்கத்திலிருந்து ஒரு சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அந்தச் சீறல். அம்மா முகத்தைச் சுளித்தாள். மெஷின் பர்ஸுக்குள் போய்விட்டது.

"கேரண்டின்னியே?" என்றார் அப்பா.

எந்தப் பெட்டியில் கோட்டை விட்டேன் என்று மனசுக்குள் குடைந்துகொண்டே முன்னால் எட்டிப் பார்த்தேன். இடது மிரர் கதவோடு ஒட்டி மடங்கிக் கிடந்தது.

"அப்பா! மிரரை ஏன் மடக்கி வெச்சிருக்கேள்?"

"பின்னே? மாட வீதில ஆட்டோக்காரன் உரசிண்டு போறான். புது வண்டி. மடக்காம இருப்பாளா?"

மடக்கியதை விரிக்க மறந்து அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். இடது பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? வேண்டாம், ஹாரன் இருக்கிறதே! மிரருக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் காற்று புகுந்து விசிலடித்திருக்கிறது. மிரரை மடக்கிக்கொண்டு யாராவது அந்த வேகத்தில் போவார்களா என்று நினைத்து, மடக்கிய மிரருக்கு யாருமே கணக்குப் போடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் எங்கள் டீமில் முக்கால்வாசிப் பேர் மிரரை மடக்கிக்கொண்டுதான் ஆபீஸுக்கு வருகிறோம். அப்பாவைத் திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது.

காரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி மிரரை விரித்தேன். "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்று கெஞ்சி, மெஷினை மாட்டிக்கொள்ள வைத்தேன். மறுபடி வேகமெடுத்தோம். சீறல் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் கையைக் காதருகிலேயே வைத்திருந்தாள். பிறகு மடியில் இறக்கினாள்.

"காபி குடிக்கறயா?" என்று அப்பா பழக்க தோஷத்தில் கத்தினார்.

"ஏன்னா இப்படிக் கத்தறேள்? நன்னாக் கேக்கறதே" என்றாள் அம்மா.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து அவளிடம் ஏதோ சொன்னார். அம்மா, "போறும், ரோடைப் பாருங்கோ" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கணக்குப் போட்டது முன் சீட்டுக் காதுகளுக்கு மட்டும்தான்.