சொய்லாவின் பங்கு

எங்கள் மலையூரான குவாமோத்தேயின் சந்தையில் உருளைக்கிழங்கு வியாபாரி மெல்ச்சோரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் நல்ல வார்த்தைதான் சொல்வார்கள். எடையில் ஏமாற்ற மாட்டான், குடித்துவிட்டு வீதியில் விழ மாட்டான் என்பார்கள். அப்புறம் லேசாகச் சிரித்துக்கொண்டு, "ஆனா அவன் பொண்டாட்டிகிட்ட மட்டும் நின்னு பேசிடாதீங்க" என்பார்கள். அவ்வளவு பொறாமைக்காரன். ரொட்டிக்கடைக்காரன் சொய்லாவுக்குச் சூடான ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான் என்பதற்காக, ஊரின் மறுகோடியிலிருந்து கல் மாதிரி ரொட்டி வாங்கிவந்து வருஷக்கணக்கில் மென்றவன் அவன். பல் டாக்டர் அவள் கன்னத்தைத் தொட்டார் என்று, வீங்கிய முகத்தோடு அவளைப் பஸ் ஏற்றி அடுத்த ஊர்ப் பெண் டாக்டரிடம் அழைத்துப் போனவன்.

சொய்லா கடற்கரைக்காரி. மலையில் கடற்கரை ஆட்களைக் குரங்கு என்றுதான் சொல்வது. சொல்கிறவர்கள் அதைச் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவள் மலைக்கு வேலை தேடி வந்து ஒரு சூப்புக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மெல்ச்சோர் அவளைப் பார்த்தான். எங்கள் வழக்கப்படி ஒரு கூடை நிறைய அவித்த கிழங்கும் முட்டையும், அடுப்படியில் வளர்த்த கூய் என்கிற சீமையெலியை வாட்டியும் எடுத்துப் போய்க் கடைக்காரம்மாள் முன்னால் வைத்தான். எங்கள் மலையில் ஒருவன் கொண்டுவந்த உணவைக் கையில் வாங்கிவிட்டால் அவன் கேட்பதை மறுக்கக் கூடாது. பெண் கேட்டால் பெண்ணைக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். இஷ்டமில்லை என்றால் கூடையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். கடைக்காரம்மாள் யோசிக்காமல் ஒரு முட்டையை எடுத்து உரித்தாள். அதோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு சொய்லா ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். "ஒரு தடவை ஊருக்குப் போய்ட்டு வரலாமே?" மெல்ச்சோர் ஒரு வருஷம் அறுவடை என்றான், ஒரு வருஷம் பாதையில் மண் சரிந்துவிட்டது என்றான். அவள் அம்மா செத்த செய்தி வந்தபோதுகூடப் பாலம் உடைந்திருந்தது; அது மட்டும் நிஜம். கடலோரத்தில் அவளுக்கு யாரோ ஒருவன் இருக்கிறான் என்பது அவன் எண்ணம். பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஆனாலும் இருக்கிறான். கடைசியில் ஒரு வருஷம் அவள் கேட்கவே இல்லை. அதுதான் அவனுக்குப் பகீரென்றது. ஆகஸ்டில் சந்தைக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, "ஒரு வாரம் போய்ட்டு வரலாம், கிளம்பு" என்றான்.

பஸ் சிம்போராசோ பனிமலையின் அடியிலிருந்து புறப்பட்டபோது அவள் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். முதல் இறக்கத்தில் சால்வையைக் கழற்றி மடித்தாள். மேகத்துக்குள் போய் வெளியே வந்தபோது கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். வாழைத்தோப்புகள் வந்ததும் காலுறை போயிற்று, பின்னல் அவிழ்ந்தது. கழற்றியதையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு மெல்ச்சோர் உட்கார்ந்திருந்தான். தான் வாங்கிக் கொடுத்த எதுவும் அவள் மேல் இனி இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. முன்சீட்டில் அன்னாசி விற்று வந்த கிழவனோடு அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. பல் விழுந்த கிழவன்தான். இருந்தாலும் மெல்ச்சோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கர்சாஸ் என்ற மீனவக் குப்பத்தில் சொய்லாவின் தங்கை நர்சிசா ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். வாய் நீளம். மெல்ச்சோர் சீர்வரிசை மாதிரி எடுத்துவந்த கிழங்கு மூட்டையையும் வறுத்த பார்லி மாவையும் வாங்கி வைத்துக்கொண்டாள். வாட்டிய கூயைப் பிரித்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"என்ன மச்சான் இது, காதோட இருக்கு? எங்க ஊர்ல இதுக்குப் பொறி வைப்போம்."

"எங்க ஊர்ல இது விருந்து."

"விருந்தாளியே என்னையப் பார்த்துப் பல்லைக் காட்டுதே."

சொய்லா விழுந்து விழுந்து சிரித்தாள். மெல்ச்சோர் கூயைத் திரும்பப் பொட்டலம் கட்டினான். அன்றைக்குச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கரைக்குப் போய்ப் பார்த்தான். படகு கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்த கரைவலையின் கயிற்றை ஆணும் பெண்ணுமாக இருபது பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சொய்லா, பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, வலையிழுக்கும் பாட்டோடு சேர்ந்து பின்னால் சாய்ந்து இழுத்தாள். மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறியதும், படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரனான சம்மாட்டி உபால்தோ கூடையோடு வந்தான். கருத்துப் பருத்த ஆள், சட்டையில்லை. சொய்லாவின் தட்டத்தில் நல்ல பாரை மீனாகப் பார்த்து அள்ளிப் போட்டான்.

"இந்தா புள்ள. மலைக்குப் போயும் கை மறக்கலையே உனக்கு."

அவ்வளவுதான். காசு கேட்கவில்லை. அவளும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். மெல்ச்சோருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அயலான் ஒருவன் தன் பெண்டாட்டியின் பாத்திரத்தில் உணவைப் போடுகிறான், அவள் ஏற்கிறாள். உணவை ஏற்பது என்றால் என்னவென்று மெல்ச்சோருக்குத் தெரியாதா? அவளையே அப்படித்தானே அடைந்தான்? முகமில்லாமல் இத்தனை வருஷம் அவனை அரித்தவனுக்கு இப்போது முகமும் கிடைத்தது, தொந்தியும் கிடைத்தது.

மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. மற்றவர்கள் தட்டத்திலும் மீன் விழுந்தது அவன் கண்ணில் படவே இல்லை. பொறாமை வந்தவன் ஒரு தட்டத்தைத்தான் பார்ப்பான். நர்சிசா அந்த மீனைத் தேங்காய்ப் பாலில் போட்டு வாழைக்காயோடு வைத்தாள். ஊரே மணத்தது. மெல்ச்சோர் பார்லி மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான்.

"வயிறு சரியில்லையா மச்சான்?"

"ஆமா."

"வயிறா, மூஞ்சியா? மூஞ்சிதான் சரியில்லாத மாதிரி இருக்கு."

நாலாம் நாள் சொய்லா குளிக்கப் போன நேரம், அவன் மீன் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கரைக்குப் போனான். உபால்தோவும் ஆட்களும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தட்டத்தை உபால்தோவின் காலடியில் வைத்தான்.

"என் பொண்டாட்டிக்கு நான் சோறு போடறேன். இது வேண்டாம்."

வலை பொத்திய கைகள் நின்றன. உபால்தோ மீனைப் பார்த்தான், மெல்ச்சோரைப் பார்த்தான்.

"திருப்பியா குடுக்கறீங்க? அவதான் குடுக்கச் சொன்னாளா?"

மெல்ச்சோர் சுற்றியிருந்த ஆட்களைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் இத்தனை பேர் முன்னால் சிறுத்துப்போய்விடுவோம் என்று பட்டது.

"ஆமா, அவதான் சொன்னா."

உபால்தோ எழுந்து தட்டத்தை மணலில் கவிழ்த்தான். கூழைக்கடாக்கள் இறங்கின. வெறும் தட்டத்தை நீட்டி, "சரி" என்று மட்டும் சொன்னான். அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து மெல்ச்சோருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் சொய்லா கயிற்றடிக்குப் போனபோது யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. முன்னால் போய் நின்றாள், பின்னால் போய் நின்றாள். பாட்டு நடந்தது, வலை வந்தது, கூடை அவளைத் தாண்டிப் போயிற்று. உபால்தோவின் மனைவி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பங்கைத் திருப்பிக் குடுத்தவளுக்குக் கயித்துல என்ன வேலை?" என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்தாள். மெல்ச்சோர் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் சொன்னேனா?"

அவன் செருப்பைக் கீழே வைத்தான்.

"இங்க ஒருத்தர் பங்கைத் திருப்பிக் குடுத்தா, இனி நான் இந்தக் கரை ஆளில்லைன்னு அர்த்தம். அமெரிக்காவுக்கே ஒரேயடியாப் போறவன்தான் அப்படிக் குடுப்பான். நான் மலைக்கு வந்தப்புறம் எங்க அம்மா ரெண்டு ஆள் இழுப்பு இழுத்தா. இது எனக்கு, இது சொய்லாவுக்குன்னு வாங்குவா. அவ போனதும் நர்சிசா இழுத்தா. இத்தனை வருஷமா என் இடம் அந்தக் கயித்துல அப்படியே இருந்துச்சு."

"எனக்குத் தெரியாது சொய்லா. அவன் உனக்கு அள்ளிப் போட்டான், நான்..."

"உங்க மலையில என் மடியில யாராவது ஒரு கிழங்கு போட்டிருக்காங்களா? இன்னிக்கும் குரங்குதானே நான்? எனக்குன்னு இருந்தது அந்த ஒரு எடம். அதையும் நீங்க என் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வெச்சுட்டீங்க." கரைப் பக்கம் கையை நீட்டினாள். "எல்லாரும் கேக்க, பொய் சொன்னேன்னு போய்ச் சொல்லுங்க. இல்லேன்னா நாளன்னைக்கு பஸ்ல நீங்க மட்டும் ஏறுங்க."

சொன்னால் செய்கிறவள். அந்தக் கல் ரொட்டியை அவனோடு சேர்ந்து பதினைந்து வருஷம் மென்றவள் என்றால் பொறுமைசாலி என்று அர்த்தமில்லை, ஒரு முடிவு எடுத்தால் அசைய மாட்டாள் என்றுதான் அர்த்தம். மெல்ச்சோர் அன்று பகல் முழுக்கத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அப்போதும் அவனை வாட்டியது தான் செய்த தப்பு மட்டுமல்ல, அவளுக்காக வருஷக்கணக்கில் கயிறு இழுக்க இத்தனை பேர் இருந்திருக்கிறார்களே என்ற பொறாமையும்தான். அவனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் சந்தைக்கடையைப் பார்த்துக்கொள்ளத் தம்பியிடம் நாலு நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கம்பளித் தொப்பியோடு கரைக்குப் போனான். கயிற்றுக்கு ஆள் கூடியிருந்தது. சொய்லா தள்ளி, ஒரு கவிழ்த்த படகின் பக்கம் நின்றாள்.

"அவ சொல்லல" என்றான் மெல்ச்சோர். யாருக்கும் கேட்கவில்லை. குரலை உயர்த்தினான். "மீனைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி அவ சொல்லல. நான் பொய் சொன்னேன். பொறாமையில சொன்னேன்."

"யார் மேல பொறாமை?" என்றான் உபால்தோ.

"உங்க மேலதான்."

கரையே சிரித்தது. உபால்தோவின் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்த ஆள் மேலயா? ஐயா, புண்ணியமாப் போகும், மலைக்கு ஏத்திக்கிட்டுப் போங்க. குறட்டையையும் சேர்த்துக் கொண்டு போங்க." அவள் சொய்லாவின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி நிக்கற? வந்து பிடி."

கயிற்றில் ஒரு இடைவெளி விழுந்தது. சொய்லா ஓடிவந்து பிடித்தாள். மெல்ச்சோரும், யாரும் கூப்பிடாமலே, அவளுக்குப் பின்னால் போய்ப் பிடித்தான். மூட்டை தூக்கிக் காய்த்த கை என்று அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. ஈரக்கயிறு முதல் இழுப்பிலேயே அதை உரித்துவிட்டது. அலை இடுப்பில் அடித்தது. உப்பு கையில் எரிந்தது. வலை கரையேறியபோது அவன் மணலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டான்.

உபால்தோ கூடையோடு வந்தான். சொய்லாவின் தட்டத்தில் போட்டான். அப்புறம் குனிந்து, மெல்ச்சோரின் மடியில் கிடந்த கம்பளித் தொப்பியில் ஒரு மீனைப் போட்டான். விரல் நீளம்கூட இல்லை.

"இழுத்தவனுக்கு உண்டு" என்றான்.

மெல்ச்சோர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். எடுத்த பிறகுதான் எடுத்தது உறைத்தது. சொய்லாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். மலையில் இத்தனை வருஷம் இருந்தவள் அல்லவா? அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"உபால்தோ, ஏதாவது கேளு."

"எதுக்கு?"

"இவங்க ஊர்ல ஒருத்தர் குடுத்த சாப்பாட்டைக் கையில வாங்கிட்டா, அவர் கேக்கறதைக் குடுத்துத்தான் ஆகணும். என்னையே ஒரு முட்டைக்குத்தான் குடுத்தாங்க. கேளு."

உபால்தோ தலையைச் சொறிந்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை போலிருந்தது. பிறகு கயிற்றைப் பார்த்தான், சொய்லாவைப் பார்த்தான்.

"அப்போ வருஷா வருஷம் இவளைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றான்.

மெல்ச்சோருக்குத் திரும்பவும் உடம்பெல்லாம் எரிந்தது. வருஷா வருஷம் அந்தப் பஸ், ஒவ்வொன்றாகக் கழன்று தன் மடிக்கு வரும் துணிகள், அந்தச் சிரிப்பு, இந்தச் சட்டையில்லாத ஆள். மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, யாரும் கேட்கப்போவதில்லை. உரிந்த கையில் தொப்பியை இறுகப் பிடித்தபடி அவன் சொய்லாவைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையை, தொப்பி கவிழ்கிறதா என்று, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரோம்" என்றான் மெல்ச்சோர்.