விழாதவர்களும் கூப்பிடலாம்

சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் மாடியறையில் ஃபோன் எடுக்கிற வேலை அவளுக்கு. சைக்கிளில் போய் விழுந்தவர்களும், விழப் பார்த்துத் தப்பித்தவர்களும் கூப்பிடுவார்கள். விழுந்தவன் எப்படியும் கூப்பிட்டுவிடுவான். தப்பித்தவன் இருக்கிறானே, அவனைப் பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "அதான் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சே, விடுங்க மேடம்" என்பான். அப்படி விட்ட இடத்தில்தான் அடுத்தவன் விழுவான் என்று யார் அவன் மண்டையில் ஏற்றுவது!

இதில் சட்டம் வேறு. ஓட்டினவரே கூப்பிட்டுச் சொன்னால்தான் கணக்கு. பார்த்தவர் சொன்னது, பெண்டாட்டி சொன்னது எதுவும் சேராது. ஒரே இடத்தைப் பற்றிப் பலர் சொன்னால்தான் அங்கே தடுப்பு வைக்க ஆள் போவார்கள்.

அவள் புருஷன் தச்சர், வேலைக்குச் சைக்கிளில்தான் போவார். பேக்கரித் திருப்பத்தில் லாரி உரசப் பார்த்த கதையைச் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொல்வார். "அதை ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்களேன்" என்பாள். "கட்டினவ எதிர்லயே உட்கார்ந்திருக்கா. அவகிட்டச் சொல்ல எனக்கு ஃபோன் எதுக்கு?" என்பார். தங்கமான மனுஷன்தான், ஆனால் பிடிவாதத்துக்கு மருந்து ஏது? போன மழைக்காலத்தில் அதே திருப்பத்தில், அதே மாதிரி ஒரு லாரி அடித்து, அவர் வீடு திரும்பவில்லை.

அவள் அழவில்லை. "அழுதுடும்மா, அழுதாத்தான் தேறும்" என்று உறவுக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். ஊசி போட்டு மரத்துப்போன ஈறு மாதிரி உள்ளே எதுவும் தெரியவில்லை. சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போனாள். மகள் எது கேட்டாலும் "ம்" என்றாள். அந்த ஒற்றை மகள் அதே திருப்பத்தின் வழியாகச் சைக்கிளில் அச்சகத்து வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கும் "ம்"தான். பெற்ற வயிறு பதற வேண்டாமா? பதறவில்லை. இவளையும் இப்படியே பறிகொடுத்துவிட்டு "ம்" என்று உட்கார்ந்திருப்போமோ என்று மட்டும் எப்போதாவது தோன்றும். அதுவும் வந்த வேகத்தில் போய்விடும்.

ஒரு காலை ஃபோன் வந்தது.

"வணக்கம், சைக்கிள் விபத்துப் பதிவு. எந்த இடத்துல நடந்தது?"

"பேக்கரித் திருப்பம்."

மகளின் குரல். மூச்சு வாங்கியது. அவள் விரல்கள் அதுபாட்டுக்குத் தட்டச்சு செய்தன.

"எந்தப் பக்கமா போயிட்டிருந்தீங்க?"

"வீட்லேர்ந்து வேலைக்கு. லாரிக்காரன் சட்டுனு ஒடிச்சுத் திருப்பினான். ஹேண்டில்பார்ல உரசிட்டுப் போயிட்டான்."

"வண்டி நம்பர் பார்த்தீங்களா?"

"இல்ல. அம்மா, நீதானே?" என்றாள் மகள்.

"ம்."

"போன வாரமும் ஒருத்தன் இடிக்கப் பார்த்தான். வீட்ல வந்து சொன்னேன். நீ பாத்திரம் கழுவிட்டே இருந்தே. இங்க கூப்பிட்டா நீ கேள்வி கேட்டுத்தான் ஆகணும்ல? அதான் கூப்பிட்டேன்."

திரையில் அடுத்த கேள்வி நின்றது. தினமும் யார் யாரிடமோ கேட்கிற கேள்விதான். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"அடி..." என்றாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "அடி எங்கயாவது பட்டுச்சாடி, கண்ணு? ஐயோ, ரத்தம் வருதா? அங்கயே நில்லு. நகராதே. நான் வரேன்."