அடுத்தவர் நிறுத்தம்

பேருந்து மேம்பாலத்தை விட்டு இறங்கியதுமே பெல்லக்கா மணியை அமுக்கிவிடுகிறாள். இறங்குவதற்கல்ல, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இன்னும் வெகுதூரம். அடுத்த நிறுத்தத்தில் கைத்தடியோடு ஒருவர் நிற்பார். அதே ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர். அவர் ஏறுவதற்கு நேரமாகும் என்று ஓட்டுநர் அங்கே பாராததுபோல் போய்விடுவார். மணி அடித்தால்தான் நிறுத்தியாக வேண்டும்.

"யாரும்மா எறங்குறது?"

"எறங்கல தம்பி. ஏத்துறேன்."

அப்படி வந்த பட்டப்பெயர்தான் பெல்லக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். முழங்கைவரை சூட்டுத் தழும்புகள். உட்கார்ந்ததும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்மூடி முணுமுணுப்பாள். எந்தச் சாமி என்று தினமும் கூட வரும் காவலாளி ஒருமுறை கேட்டார். "எதுக்குக் காது கேக்குதோ, அந்தச் சாமி," என்றாள். வேண்டுதல் முடிந்த வாயாலேயே, பக்கத்தில் இடம்போட்டு வைத்த பையைக் காட்டி, "ஆள் வருது, அங்கிட்டுப் போ," என்று உட்கார வருகிறவர்களை அதட்டுவாள். கைத்தடிக்காரரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. ஒருநாள் தவறினால் அவர் முகம் எப்படி வீங்கும் என்பது தெரியும்.

நேற்று அமுக்கினாள், மணி ஒலிக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"மணி ரிப்பேரும்மா."

நிறுத்தமும் கைத்தடியும் ஜன்னலைத் தாண்டிப் போயின. பெல்லக்கா எழுந்தாள்.

"மணிதான ரிப்பேரு? கண்ணுமா? நிறுத்துடா வண்டிய!" சாப்பாட்டு டப்பாவால் கம்பியில் ஓங்கி அறைந்தாள்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். முன்சீட்டுப் பெண் திரும்பி, "ஆபீஸுக்கு லேட்டாகுதுக்கா," என்றாள்.

"நீ லேட்டாப் போனா திட்டு வாங்குவ. அவரு போகலன்னா மூச்சு வாங்குவாரு."

அந்தப் பெண்ணும் கம்பியைத் தட்டத் தொடங்கினாள். காவலாளி தட்டினார். வண்டி முழுக்கத் தட்டியது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக் கதவைத் திறந்தார்.

"எறங்கு! அவரோடயே நடந்து வா."

பாதிதான் இறங்கினாள். ஒரு கால் சாலையில், ஒரு கால் படியில். கதவு மூடாமல் வண்டி நகராது.

"கால எடும்மா!"

"மூடு. காலோட சேத்து மூடு."

பின்னால் ஹாரன்கள் அலறின. காவலாளி குதித்து ஓடி, கைத்தடிக்காரரைத் தாங்கிக் கூட்டிவந்தார். மூச்சிரைக்க ஏறியவர் தன் இடத்தில் உட்கார்ந்து, "போலாம்மா," என்றார்.

பெல்லக்கா காலை எடுக்கவில்லை. ஓட்டுநரையே பார்த்தபடி கதவோரத்து மணியை அமுக்கினாள். சத்தமில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடி. ஓட்டுநரின் கை மெல்ல ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த ஸ்விட்ச்சுக்குப் போயிற்று. மணி அடித்தது.

பிறகுதான் காலை உள்ளே எடுத்தாள்.