ஈரத்துணியால் போன டிவி

திருச்செந்தூர் ரிப்பேர் கடையிலிருந்து அக்கா வீட்டு டிவியைத் தோளில் சுமந்துகொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ரிப்பேர்காரர் சொன்னது காதிலேயே இருந்தது: “ஈரத்துணி போட்டுத் தொடச்சியாலே? தண்ணி அடியில எறங்கி பேனல் போச்சு. அத மாத்துததுக்குப் புதுசே வாங்கலாம்.”

துடைத்தது நான்தான். ஊர் ஊராகச் சுற்றும் எனக்குத் தங்குவதற்கென்று ஆலந்தலையில் அக்கா வீடு ஒன்றுதான் உண்டு. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூடாதென்று, திரையில் படிந்திருந்த கடல் உப்பைத் துடைத்தேன். அன்றே திரை முழுக்கக் கோடு விழுந்தது. வாங்கி ஒன்றரை வருடம்தான். மலிவு டிவி இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் வாய் திறக்கவில்லை. அத்தான், டிவியை என்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அதை விற்ற கடைக்குச் சண்டைக்கே போய்விட்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கடை முதலாளியின் சட்டை அத்தான் கையில் இருந்தது.

“விடுங்க அத்தான். அண்ணாச்சி மேல தப்பில்ல. ஈரத்துணி போட்டது நான்தான்.”

“ஏலே, இத வீட்டுலயே சொல்லுததுக்கு என்ன?” என்று அத்தான் கையை எடுத்தார்.

அண்ணாச்சி சட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “செத்த டிவியவே இம்புட்டுத் தூரம் சுமக்கான். உயிருள்ளதச் சுமக்க மாட்டானா? நாளைக்கு வேலைக்கு வாலே.”

மறுநாள் காலை அதே கடையில், வீடுகளுக்கு டிவி கொண்டுபோய் மாட்டும் வேலையில் சேர்ந்தேன். முதல் வீட்டிலேயே காய்ந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, இதால் மட்டும் துடையுங்கள் என்று துடைத்துக் காட்டிவிட்டுத்தான் படியிறங்கினேன்.