மறுபக்கம் டீச்சரின் புதன்கிழமை

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மறுபக்கம் டீச்சர். சரித்திரப் பாடம் எடுக்கிறவர். யார் எதைச் சொன்னாலும் "சரி, இதோட மறுபக்கம் என்ன?" என்று கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் கணவர், காலையில் "இன்னைக்கு நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியே போய்விடுவார். நின்றால் மழையின் கட்சியையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பாவம்.

இந்தப் பழக்கத்துக்கு அவருடைய அம்மாதான் காரணம். சின்ன வயதில் டீச்சரும் அக்காவும் ஒரு சீப்புக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள். அம்மா அடிக்க மாட்டாள். "அக்கா வழக்க நீ சொல்லு, உன் வழக்க அவ சொல்லட்டும். ரெண்டு பேரும் 'ஆமா, சரியா சொன்னா'ன்னு ஒத்துக்கற வரைக்கும் சோறு கிடையாது" என்பாள். பசி வயிற்றைக் கிள்ளும். அக்காவின் நியாயத்தை அக்காவை விட அழகாகச் சொல்ல இளையவள் பழகிக்கொண்டாள்.

வேலைக்கு வந்த பிறகு அதையே வகுப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் புதன்கிழமை கடைசி பீரியட் விவாதம்தான். தலைப்பைப் பிள்ளைகளே போடுவார்கள். ஒரே ஒரு விதி: எதை நம்புகிறாயோ அதற்கு எதிராகத்தான் பேச வேண்டும். கிரிக்கெட் பைத்தியம் கிரிக்கெட்டைத் திட்டும். வீட்டுப்பாடமே எழுதாத சோம்பேறி, வீட்டுப்பாடத்தின் பெருமையைக் கண்ணீர் மல்கப் பேசுவான். மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்பார்கள்.

ஒரு வாரம் பிள்ளைகள் போட்ட தலைப்பு 'பிரார்த்தனை பலிக்குமா?' பலிக்காது என்று பேச வேண்டியவள் ரொட்டிக்கடைக்காரரின் மகள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று மூன்று வருஷமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். அவள் அப்பாவோ பிரார்த்தனைக் கூடத்தில் முன்வரிசையில் நின்று எல்லாருக்கும் பிரார்த்தனையை வாசித்துக் காட்டுகிறவர். எழுந்து நிற்பாளா என்றே டீச்சருக்குச் சந்தேகம். அடேயப்பா, அவள் பேசினாளே ஒரு பேச்சு!

"எங்க அப்பா தினமும் ரொட்டியை அடுப்புல வெச்சுட்டுக் கண்ணை மூடிக் கும்பிடறார். போன வாரம் கொஞ்சம் அதிகமாவே கும்பிட்டார். அதுக்குள்ள ரொட்டி கருகிடுச்சு" என்றாள். வகுப்பே சிரித்து உருண்டது. டீச்சரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் பின்னால் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விஷயம் தெருவுக்குப் போக எவ்வளவு நேரம்? மறுநாள் காலை ரொட்டி வாங்க வந்தவர்களெல்லாம், "என்ன, இன்னைக்கு பிரார்த்தனை பலிச்சுதா? கருகலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு ஆள் சிரிக்கக்கூட இல்லை. "வாசிக்கிறவர் வீட்டுப் பொண்ணே இப்படிப் பேசலாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அதற்கடுத்த நாள் ரொட்டிக்கடைக்காரர் தலைமை ஆசிரியர் அறையில் வந்து நின்றார். சலவைச் சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் மடித்த காகிதம்.

"ஒண்ணு, இந்தப் புதன்கிழமைக் கூத்தை நிறுத்துங்க. இல்லேன்னா என் பொண்ணுக்கு டி.சி. குடுங்க. சரித்திரம் நடத்தறவங்களுக்கு என் கடவுள்கிட்ட என்ன வேலை?"

தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர், ஆனால் வம்பு என்றாலே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்துக்கொண்டே சொன்னார். "டீச்சர், ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்களேன். புதன்கிழமை பிள்ளைங்களை கிரவுண்டுக்கு அனுப்பிடலாம்."

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். வகுப்பு போனால் போகிறது என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தார். ஆனால் மூன்று வருஷம் கழித்து வாய் திறந்த பெண், திறந்த குற்றத்துக்காகவே பள்ளியை விட்டுப் போனால், அப்புறம் அவள் ஆயுசுக்கும் பேசுவாளா?

"எழுதித் தரேன் சார். ஆனா எதுக்கு எழுதறேன்னு எனக்குப் புரியணும். இவர் வழக்க நான் சொல்றேன். சரியா இருந்தா, என் வழக்க இவர் சொல்லட்டும்."

"நான் என்ன ஆறாங்கிளாஸா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அஞ்சு நிமிஷம்தாங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். டீச்சர் நின்றபடி ஆரம்பித்தார். "நான் ரொட்டிக்கடைக்காரர். ஊரே தூங்கும்போது எழுந்து அடுப்பு முன்னாடி தனியா நிக்கறேன். அந்த நேரத்துல எனக்குத் துணை அந்தக் கும்பிடு ஒண்ணுதான். அதை நான் யாருக்கும் காட்டினதில்ல. என் வீட்டுக்குள்ள இருந்ததை எடுத்து வெளியில போட்டு நாலு பேர் சிரிச்சாங்க. அந்த டீச்சரும் கூடச் சிரிச்சாங்க."

கடைசி வாக்கியம் அவரே நினைக்காமல் வந்துவிட்டது.

ரொட்டிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "அதேதான் டீச்சர். எனக்குச் சொல்லத்தான் வரலை."

"நான் சிரிச்சது தப்புங்க. கேள்வி தப்பில்ல, அதை எங்க வேணா சொல்லுவேன். ஆனா வீட்டு மனுஷங்களை உதாரணமா இழுக்கக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். அதுக்கு மன்னிச்சுக்கங்க." மனதாரச் சொன்னார். "இப்ப உங்க முறை."

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து கழுத்தைச் சொறிந்தார். "நான் டீச்சர். பிள்ளைங்க பேசணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நான் ஒத்துக்க மாட்டேன்."

"சரி, இருங்க. நான் டீச்சர். என் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கு. வீட்டுலயும் பேசாது, இங்கயும் பேசாது. அது ஒரு வாரமா மாவு மூட்டைங்க முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பழகிச்சு. முதல் நாள் குரலே எழும்பலை. 'சத்தமா சொல்லும்மா, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்'னு சொல்லச் சொல்லத்தான்..."

நிறுத்திவிட்டார். தலைமை ஆசிரியர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.

"யார் சொன்னாங்க?"

"நான்தான் சார்."

"அப்போ அந்த ரொட்டி கருகின கதை?"

ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "ஒரு உதாரணம் வேணும்ப்பான்னு கேட்டா. நான்தான் எடுத்துக் குடுத்தேன். வீட்டுல சொன்னப்ப ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம் சார். கூடத்துல அந்த ஆள் கேட்டப்பதான் மானம் போச்சு."

டீச்சர் இடுப்பில் கையை வைத்தார். "அப்படின்னா நான் கேட்ட மன்னிப்புல பாதியைத் திருப்பிக் குடுங்க!"

தலைமை ஆசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரொட்டிக்கடைக்காரருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டார். "இருங்க, நான் இன்னும் முடிக்கலை. நான் டீச்சர். அந்தப் பொண்ணு பேசிட்டு வீட்டுக்குப் போய் அன்னைக்கு ராத்திரியும் அவங்க அப்பா பக்கத்துல நின்னு கும்பிட்டுது. கேட்டதால அதோட நம்பிக்கைக்கு ஒண்ணும் ஆகலை. கடவுளுக்கும் ஒண்ணும் ஆகலை. அப்பனுக்குத்தான் ரோஷம்." டீச்சரைப் பார்த்தார். "சரியா சொன்னேனா?"

"என்னை விட நல்லா சொன்னீங்க" என்றார் டீச்சர். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. டி.சி. கேட்டு எழுதிய காகிதம் வந்த பையிலேயே திரும்பிப் போனது.

மறுநாள் காலை டீச்சர் ரொட்டி வாங்கப் போனார். நல்ல கூட்டம், வரிசையில் கடைசி ஆளாக நின்றார். முன்னால் நின்ற ஒருவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "என்ன, இன்னைக்கு பலிச்சுதா?"

"புதன்கிழமை பள்ளிக்கூட ஜன்னல்ல வந்து நில்லுங்க. ரெண்டு பக்கமும் என் பொண்ணு சொல்லுவா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல், அவள் எப்படிப் பழகினாள், எந்த இடத்தில் குரலை ஏற்றினாள் என்று அடுப்பை மறந்துவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

உள்ளே மாவு மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், வரிசையின் கடைசி ஆளுக்கும் கணீரென்று கேட்கும்படி வந்தது.

"அப்பா! ரொட்டி கருகுது!"